பெயர் மாறிப்போன ஈஸ்ட்: கேண்டிடா ஆரிஸை மெஷின்கள் ஏன் தவறவிட்டன?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேசும்போது நூறு தடவை வந்த "வந்து", "அதாவது" எல்லாத்தையும் வெட்டியாச்சு. மத்தபடி பேசினது பேசினபடி.)



2018. நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். பெரியப்பாவுக்கு இதய ஆபரேஷன் முடிந்து ஐசியூவில் மூன்றாவது வாரம். ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்திருந்தது. காய்ச்சல் மட்டும் விடவே இல்லை. ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு நாள் டியூட்டி டாக்டர் வெளியே வந்து அப்பாவிடம், "பிளட் கல்ச்சர்ல ஈஸ்ட் வளருது சார், ஃபங்கஸ் மருந்து ஆரம்பிச்சிருக்கோம்" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். "ஈஸ்ட்டுன்னா பேக்கரில போடறதுதானேடா?" எனக்கும் அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது.

இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட்டில் முழுப் பெயர் வந்தது: கேண்டிடா ஹீமுலோனியை. வாயில் நுழையாத பெயர். இருந்தாலும் ஒரு பெயர் கிடைத்துவிட்டதே என்று எங்களுக்கு ஒரு நிம்மதி. அங்கே இருந்த மைக்ரோபயாலஜி மேடத்துக்கு மட்டும் அந்த நிம்மதி இல்லை. "மெஷின் இப்படிச் சொல்லுது. எனக்கு டவுட்டா இருக்கு. வேற லேபுக்கும் அனுப்பறேன்" என்றார். நாலைந்து நாளில் அங்கிருந்து பதில் வந்தது. ஹீமுலோனியை இல்லை. கேண்டிடா ஆரிஸ்.

அன்று சாயங்காலமே எல்லாம் மாறிப்போச்சு. பெரியப்பாவைத் தனி அறைக்குக் கொண்டுபோனார்கள். கதவில் ஒரு சிவப்பு அட்டை. உள்ளே போகிற எல்லாருக்கும் கவுன், கிளவுஸ். பழைய மருந்தை நிறுத்திவிட்டு வேறு மருந்து. அதன் ஒரு நாள் டோஸ் விலையைக் கேட்டுவிட்டு அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்களின் அக்குளிலும் தொடை இடுக்கிலும் பஞ்சுக் குச்சியால் தேய்த்து சாம்பிள் எடுத்தார்கள்.

யோசிச்சுப் பாருங்க. அதே ஆள், அதே ரத்தம், அதே கிருமி. பேப்பரில் இருந்த பெயர் மட்டும்தான் மாறியது. ஒரு பெயர் மாறியதற்கு ஏன் இவ்வளவு? முதல் மெஷின் ஏன் தப்பான பெயரைச் சொன்னது? இன்றைய எபிசோட் இந்த ரெண்டு கேள்விகள்தான். முன்னாடியே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை, கோட் எழுதிப் பிழைக்கிறவன். ஆனா இந்தக் கதையில் பாதி, டேட்டாபேஸ் பற்றிய கதை.

கேண்டிடா யார்?

ஈஸ்ட் என்பது ஒரே ஒரு செல்லாக வாழும் பூஞ்சை. பன் உப்புவதற்கும் கள் புளிப்பதற்கும் காரணமான ஈஸ்ட்டின் பெயர் சாக்கரோமைசீஸ். அதுக்குத் தூரத்துச் சொந்தம் கேண்டிடா. இதில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மனிதனைத் தொந்தரவு செய்பவை அதில் கொஞ்சம்தான்.

இவர்களில் பிரபலம் கேண்டிடா ஆல்பிகன்ஸ். உங்க வாயிலும் குடலிலும் இப்பவே இருக்க வாய்ப்பு அதிகம். சாதாரணமாக ஒன்றும் செய்யாது. கைக்குழந்தையின் நாக்கில் படியும் வெள்ளைப் படலம், பெண்களுக்கு வரும் பிறப்புறுப்பு அரிப்பு, இதெல்லாம் பெரும்பாலும் இவன் வேலை. எரிச்சல்தான், ஆனால் மருந்து போட்டால் போய்விடும்.

விபரீதம் ஆரம்பிப்பது ரத்தத்துக்குள் போனால்தான். ஐசியூ நோயாளியின் கழுத்து நரம்பில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய், மூச்சுக்கு ஒரு குழாய். தோல் என்கிற மதிலில் போட்ட ஓட்டைகள் இவை. கூடவே ஆன்டிபயாட்டிக் நிறையப் போனதால் உடம்பில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் குறைந்திருக்கும். காலி இடம் கிடைத்தால் ஈஸ்ட் பெருகும். பெரியப்பாவுக்கு நடந்ததும் அதுதான்.

பூஞ்சைக்கு மருந்து கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம் என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். பாக்டீரியாவின் செல்லும் நம் செல்லும் கட்டமைப்பில் ரொம்ப வேறு. அதனால் நம்மைத் தொடாமல் அதை மட்டும் அடிக்க நிறைய இடங்கள் கிடைக்கும். பூஞ்சையோ பரிணாமத்தில் நமக்கு நெருங்கிய சொந்தம். அதன் செல்லுக்கும் நம்மைப் போலவே உட்கரு உண்டு. அதைக் கொல்கிற பல பொருள்கள் நம்மையும் சேர்த்துப் பதம் பார்க்கும்.

அதனால் ரத்தத்தில் புகுந்த கேண்டிடாவுக்கு எதிராகக் கையில் இருப்பது முக்கியமாக மூன்றே குடும்பங்கள். முதலாவது அசோல்கள். ஃப்ளுகோனசோல் இந்த வகை. நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கிற மாதிரி பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டெரால் இருக்கும். அதைத் தயாரிக்கும் என்சைமை அசோல் மடக்கும். இரண்டாவது ஆம்ஃபோடெரிசின் பி. அது அந்த எர்கோஸ்டெராலையே பிடித்து இழுக்கும். சிறுநீரகத்துக்குக் கடினமான மருந்து. மூன்றாவது எக்கினோகேண்டின்கள். பூஞ்சையின் செல் சுவரைக் கட்ட விடாமல் தடுக்கும். மூன்று சாவிகள், அவ்வளவுதான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

காதில் கிடைத்த அந்நியன்

2009. டோக்கியோவில் 70 வயதுப் பாட்டி ஒருவரின் காதுக் குழாயிலிருந்து எடுத்த சாம்பிளில் ஒரு புது ஈஸ்ட் கிடைத்தது. லத்தீனில் ஆரிஸ் என்றால் காது. அதனால் கேண்டிடா ஆரிஸ். காதில் இருந்த ஒரு புது இனம், அவ்வளவுதான். யாரும் அலறவில்லை.

2011-ல் தென் கொரியாவில் மூன்று நோயாளிகளின் ரத்தத்தில் இது இருந்ததாக அறிவித்தார்கள். அதில் ஒரு சாம்பிள் 1996-ல் எடுத்து ஃபிரீசரில் வைத்திருந்தது. அதாவது டோக்கியோவில் பெயர் வைப்பதற்கு 13 வருஷம் முன்னாடியே ஒரு குழந்தையின் ரத்தத்தில் இது இருந்திருக்கிறது. வேறு பெயரில்.

அடுத்து டெல்லி. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தைச் சேர்ந்த அனுராதா சவுத்ரியின் குழு, 2009-லிருந்து 2011 வரை இரண்டு டெல்லி மருத்துவமனைகளில் 12 நோயாளிகளிடம் இதைக் கண்டுபிடித்து 2013-ல் வெளியிட்டது. இங்கேயும் மெஷின் சொன்ன பெயர் ஹீமுலோனியை.

இந்தக் குழு 2015-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. இந்திய மருத்துவமனைகளில் ஹீமுலோனியை என்றும் ஃபமாட்டா என்றும் மெஷின் பெயர் கொடுத்திருந்த 102 சாம்பிள்களை எடுத்து டிஎன்ஏ வரிசையைப் படித்தார்கள். அதில் 90, அதாவது 88.2 சதவீதம், கேண்டிடா ஆரிஸ். மீதி 12 டுவோபுஷீமுலோனியை என்கிற நெருங்கிய உறவினர். நம்ம ஊர் ஐசியூக்களில் வருஷக்கணக்கில் ஒருத்தன் இன்னொருத்தனோட ஐடி கார்டில் நடமாடிக்கிட்டு இருந்திருக்கான்.

சண்டிகர் பிஜிஐ ஒருங்கிணைத்த பெரிய ஆய்வு இன்னொன்று. இந்தியாவின் 27 ஐசியூக்களில் 2011, 2012 வாக்கில் கேண்டிடா ரத்தத்தொற்று வந்த 1,400 பேரைப் பார்த்தார்கள். முதலிடம் டிராபிகாலிஸ் என்ற இனத்துக்கு. ஆரிஸ் 5.3 சதவீதம். சின்ன எண் மாதிரி தெரியும். ஆனால் 27 ஐசியூக்களில் 19-ல் அது இருந்தது. புதுசா வந்த ஒருத்தன், ஏற்கெனவே பாதிக்கு மேல் இடங்களில் உட்கார்ந்திருந்தான்.

மெஷின் எப்படிப் பெயர் சொல்லுது?

இப்போ நம்ம ஏரியா. லேபில் ஒரு ஈஸ்ட்டுக்குப் பெயர் வைக்கும் வழிகளைப் பழையதிலிருந்து புதுசுக்கு வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் கண்ணால் பார்ப்பது. ஈஸ்ட்டை மனித ரத்த சீரத்தில் போட்டு 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைப்பார்கள். ஆல்பிகன்ஸாக இருந்தால் செல்லிலிருந்து முளை மாதிரி ஒரு குழல் நீளும். ஊறவைத்த பயறு முளை விடுகிற மாதிரி. முளை வந்தால் ஆல்பிகன்ஸ், வராவிட்டால் "ஆல்பிகன்ஸ் அல்லாதது". ரொம்ப காலம் பல லேபுகள் இதோடு நிறுத்திக்கொண்டன. ஆரிஸ் பொதுவாக முளை விடாது. அதனால் அது "அல்லாதது" என்ற பெரிய மூட்டைக்குள் போய்விடும்.

அடுத்தது நிறம். சில அகார் தட்டுகளில் ஒவ்வொரு இனமும் ஒவ்வொரு கலரில் வளரும். ஆல்பிகன்ஸ் பச்சை, டிராபிகாலிஸ் நீலம். பழைய தட்டுகளில் ஆரிஸ் வெளிர் நிறத்தில் இருந்து ரோஸ், சிவப்பு வரை எப்படி வேண்டுமானாலும் வரும். வேறு பல இனங்களும் அதே நிறத்தில் வரும். பின்னால் வந்த புதுத் தட்டுகளில்தான் ஆரிஸுக்குத் தனி அடையாளமாக நீலச் சாயல் தெரியும்படி செய்திருக்கிறார்கள்.

மூன்றாவது, தானியங்கி மெஷின். ஒரு சின்ன அட்டையில் நிறையக் குழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சர்க்கரையோ வேறு ரசாயனமோ இருக்கும். இந்த ஈஸ்ட் எதைச் சாப்பிடுது, எதைச் சாப்பிடலை என்று மெஷின் பார்க்கும். ஆமாம், இல்லை, ஆமாம், ஆமாம், இல்லை. நம்ம பாஷையில் ஒன்றும் பூஜ்யமுமாக ஒரு பிட் ஸ்ட்ரிங். அதை டேட்டாபேஸில் இருக்கும் எல்லா இனங்களோடும் ஒப்பிட்டு, எதோடு அதிகம் ஒத்துப்போகுதோ அந்தப் பெயரை, இத்தனை சதவீதம் நிச்சயம் என்று பிரிண்ட் பண்ணும்.

பிழை எங்கேன்னு இப்போ தெரிஞ்சிருக்கும். டேட்டாபேஸில் ஆரிஸ் என்கிற வரியே இல்லை. இருக்கிறதில் கிட்டத்தில் இருப்பவன் ஹீமுலோனியை. மெஷின் நேர்மையாகத் தன் வேலையைச் செய்தது. "எனக்குத் தெரிஞ்சவங்கள்ல இவன்தான் கிட்ட வரான்" என்பதுதான் அதோட பதில். நாம அதை "இவன்தான்" என்று படித்தோம். உங்க வீட்டு கேமராவுக்கு நாலு பேர் முகம் மட்டும் சொல்லிக்கொடுத்து வச்சிருக்கீங்க. "தெரியாத ஆள்" என்று சொல்ல அதுக்கு வழியே வைக்கலை. அப்போ திருடன் வந்தாலும் "மாமா வந்திருக்கார்"னுதான் நோட்டிஃபிகேஷன் வரும்.

ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு பெயர் சொன்னது. ஒன்று ஹீமுலோனியை, ஒன்று ஃபமாட்டா, இன்னொன்று ரோடோடொருலா குளூட்டினிஸ். பாகிஸ்தானில் ஒரு மருத்துவமனையில் பரவியதை முதலில் சாக்கரோமைசீஸ் என்றே நினைத்தார்கள். அதாவது பன் ஈஸ்ட்! எங்கப்பா அன்னைக்குக் கேட்ட கேள்வி அவ்வளவு அசட்டுத்தனமானது இல்லை.

நான்காவது, மால்டி-டாஃப். இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஈஸ்ட்டை ஒரு உலோகத் தட்டில் தடவி, மேலே ஒரு ரசாயனம் விட்டு லேசரால் அடிப்பார்கள். அதன் புரதங்கள் மின்னேற்றம் பெற்று ஒரு வெற்றிடக் குழாயில் பறக்கும். லேசானது முதலில் வரும், கனமானது பின்னாடி வரும். வந்து சேர்ந்த நேரத்தை வைத்து ஒரு வரைபடம் கிடைக்கும். அது அந்த இனத்தின் கைரேகை மாதிரி. கல்ச்சர் வளர்ந்த பிறகு சில நிமிஷத்தில் பதில். ஆனால் இதுவும் ஒரு டேட்டாபேஸோடுதான் ஒப்பிடுகிறது. அதில் ஆரிஸின் கைரேகையைச் சேர்க்காத வரைக்கும் இந்த விலையுயர்ந்த மெஷினும் அதே குழியில்தான் விழும். சேர்த்த பிறகு அருமையாகக் கண்டுபிடிக்கிறது.

கடைசியாக டிஎன்ஏ. ரைபோசோம் மரபணுக்களுக்கு நடுவே ஐடிஎஸ் என்று ஒரு துண்டு இருக்கிறது. இனத்துக்கு இனம் அது மாறும். அதன் எழுத்துகளை வரிசையாகப் படித்தால் சந்தேகம் தீரும். பெரியப்பாவின் சாம்பிள் போன இன்னொரு லேபில் செய்தது இதைத்தான்.

இதெல்லாம் இல்லாத லேப் என்ன செய்யும்? அதற்கு ஒரு எளிய துப்பு உண்டு. தட்டை 42 டிகிரி சூட்டில் வைத்துப் பார்ப்பது. ஆரிஸ் ஜம்மென்று வளரும், ஹீமுலோனியை வளராது. அதை வைத்தே பெயரை முடிவு செய்ய முடியாது, ஆனால் சந்தேகப்பட அது போதும். அந்த மேடம் சந்தேகப்பட்டது இப்படி ஏதோ ஒன்றைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

பெயர் தெரிஞ்சா என்ன மாறும்?

ரெண்டு விஷயம் மாறும். ஒண்ணு மருந்து. இன்னொண்ணு கதவு.

மருந்தை முதலில் பார்ப்போம். 2017-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் பாகிஸ்தான், இந்தியா, தென் ஆப்பிரிக்கா, வெனிசுவேலா நாடுகளில் 54 நோயாளிகளிடமிருந்து எடுத்த ஆரிஸைச் சோதித்தார்கள். ஃப்ளுகோனசோலுக்கு 93 சதவீதம் அடங்கவில்லை. ஆம்ஃபோடெரிசினுக்கு 35 சதவீதம், எக்கினோகேண்டினுக்கு 7 சதவீதம் அடங்கவில்லை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு அடங்காதவை 41 சதவீதம். மூன்று குடும்பத்துக்குமே அடங்காதவையும் சில இருந்தன. மூணு சாவி சொன்னேன் இல்லையா? சில பூட்டுக்கு மூணுமே செல்லாது.

அது எப்படித் தப்பிக்கிறது? ஃப்ளுகோனசோல் போய் உட்கார வேண்டிய என்சைமில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிவிடுகிறது. சாவித் துவாரத்தின் வடிவமே மாறிவிட்ட மாதிரி. கூடவே செல்லுக்குள் வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகளை முழு வேகத்தில் ஓட விடுகிறது. எக்கினோகேண்டினுக்கும் இதே தந்திரம்தான், சுவர் கட்டும் என்சைமில் ஒரு சின்ன மாற்றம். அதனால் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. எந்த மருந்துக்கு அடங்கும் என்ற சோதனையும் கூடவே வேண்டும். ஆரிஸ் என்றால் பெரும்பாலும் எக்கினோகேண்டினில்தான் ஆரம்பிப்பார்கள். பெரியப்பாவுக்கும் அதுதான்.

அடுத்து கதவு. என்னைக் கேட்டால் இதுதான் ஆரிஸின் நிஜமான வில்லத்தனம்.

ஆல்பிகன்ஸ் தாக்கும் விதம் வேறு. அது நூல் மாதிரி நீண்டு திசுவுக்குள் துளைக்கும். கேண்டிடாலைசின் என்ற நச்சைச் சுரந்து செல்லைக் கிழிக்கும். ஆனால் பெரும்பாலும் அவரவர் குடலில் இருந்தது அவரவர் ரத்தத்துக்குப் போகும். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குத் தாவுவது அதன் பழக்கம் இல்லை. ஹீமுலோனியையும் சில மருந்துகளுக்கு அடங்காததுதான். ஆனால் அதுவும் வார்டு வார்டாகப் பரவுவதற்குப் பேர் போனது அல்ல.

ஆரிஸ் குடலைவிடத் தோலை விரும்புகிறது. அக்குள், தொடை இடுக்கு, மூக்கு. அங்கே ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கும், நோயாளிக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே. அவர் தோலிலிருந்து கட்டில் கம்பி, பிபி பார்க்கும் பட்டை, தெர்மாமீட்டர் என்று போய்ச் சேரும். காய்ந்த பிளாஸ்டிக்கில் இரண்டு வாரம் கழித்தும் அதை மறுபடி வளர்க்க முடிந்திருக்கிறது. எஸ்சிஎஃப்1 என்ற ஒட்டும் புரதம் இதற்கு உதவுகிறது என்று 2023-ல் ஓர் ஆய்வு காட்டியது. தரை துடைக்கப் பயன்படும் சில வகை கிருமிநாசினிகள் இதனிடம் சரியாக எடுபடுவதில்லை. குளோரின், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை வேண்டும். போதாததுக்கு, நம் ரத்தத்தில் முதலில் ஓடிவந்து சண்டை போடும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் ஆல்பிகன்ஸைக் கொல்கிற அளவுக்கு இதைக் கொல்வதில்லை என்றும் சோதனைச் சாலையில் பார்த்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்க. ஆக்ஸ்ஃபோர்டில் நரம்பியல் ஐசியூ ஒன்றில் 2015-லிருந்து 2017 வரை 70 பேரிடம் ஆரிஸ் கண்டுபிடிக்கப்பட்டது. பெரும்பாலானோருக்குத் தோலில் மட்டும், 7 பேருக்கு உள்ளே ஊடுருவிய தொற்று. சுத்தம் செய்து பார்த்தார்கள், நிற்கவில்லை. கடைசியில் துப்புத் துலக்கிப் பார்த்தால், காரணம் அக்குளில் வைத்துக் காய்ச்சல் பார்க்கும் கருவி. ஒருவருக்கு வைத்து, துடைத்து, அடுத்தவருக்கு வைப்பது. அந்தக் கருவிகளை எடுத்த பிறகுதான் பரவல் அடங்கியது. காய்ச்சலைப் பார்க்க வந்த கருவியே அதைக் கட்டில் கட்டிலாகக் கொண்டுபோய் விட்டிருக்கு.

இப்போ பெரியப்பா கதைக்கு வாங்க. ஹீமுலோனியை என்று பேப்பரில் இருந்த அந்த நாலைந்து நாளும் அவர் திறந்த ஐசியூவில், இரண்டு பேருக்கு நடுவில் படுத்திருந்தார். அட்டை இல்லை, கவுன் இல்லை. சரியான பெயர் வந்த அன்றுதான் கதவு மூடியது.

கோவிட் காலத்தில் இது இன்னும் பெரிதாகத் தெரிந்தது. 2020 ஏப்ரலிலிருந்து ஜூலை வரை டெல்லி ஐசியூ ஒன்றில் 596 கோவிட் நோயாளிகளைப் பார்த்தபோது 15 பேருக்கு கேண்டிடா ரத்தத்தொற்று வந்திருந்தது. அதில் 10 பேருக்கு ஆரிஸ். அந்த 10 பேரில் 6 பேர் இறந்துபோனார்கள். இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லணும். இவர்கள் ஏற்கெனவே உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தவர்கள். எத்தனை உயிர் ஈஸ்ட்டால் போச்சு, எத்தனை மூல நோயால் போச்சு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் முதல் தடவையாக ஆபத்தான பூஞ்சைகளுக்கு ஒரு பட்டியல் போட்டது. அதில் மிக அவசரம் என்ற முதல் வரிசையில் இருப்பவை நாலே நாலு. அதில் ஒன்று ஆரிஸ். காதில் கிடைத்து 13 வருஷத்தில் அந்த இடம்.

எங்கிருந்து வந்தான்?

அந்த 54 நோயாளிகள் ஆய்வில் ஒரு வினோதம் தெரிந்தது. ஒவ்வொரு பகுதியின் ஆரிஸுக்கும் முழு மரபணுவையும் படித்தபோது நாலு தனித்தனிக் கிளைகள்: தெற்காசியா, கிழக்காசியா, தென் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா. ஒரே கிளைக்குள் வித்தியாசம் ரொம்பக் குறைவு. கிளைக்கும் கிளைக்கும் நடுவில் பல்லாயிரக்கணக்கான எழுத்து வித்தியாசம். அதாவது ஒரு இடத்தில் தோன்றி விமானம் ஏறிப் பரவியது என்று சொல்ல முடியாது. ரொம்ப காலம் முன்பே பிரிந்துபோன பங்காளிகள், ஏறக்குறைய ஒரே சமயத்தில் நாலு மூலையில் மருத்துவமனைக்குள் நுழைந்திருக்கிறார்கள். பின்னாடி ஈரானிலும் சிங்கப்பூரிலும் மேலும் இரண்டு கிளைகள் கிடைத்தன.

முன்னாடியும் இருந்து நாம் கவனிக்காமல் விட்டோமா என்ற சந்தேகம் வரும். அதற்காக 2004-லிருந்து 2015 வரை உலகம் முழுக்கச் சேகரித்து வைத்திருந்த 15,271 கேண்டிடா சாம்பிள்களைத் தோண்டினார்கள். ஆரிஸ் கிடைத்தது நாலே நாலில். நாலும் 2009-க்குப் பிறகு எடுத்தவை. ஆக இது நிஜமாகவே புதுசாக எழுந்து வந்தது.

ஏன் இப்போது? ஆர்ட்டுரோ காசடெவால் என்ற நுண்ணுயிரியலாளரும் அவர் சகாக்களும் 2019-ல் ஒரு கருதுகோள் வைத்தார்கள். பெரும்பாலான பூஞ்சைகளால் நம் 37 டிகிரி உடல் சூட்டைத் தாங்க முடியாது. நம் உடம்புச் சூடே ஒரு வேலி. பூமி சூடாக ஆக, வெளியே இருக்கும் பூஞ்சைகளும் சூட்டுக்குப் பழகுகின்றன. அப்படிப் பழகி வேலி தாண்டிய முதல் ஆள் ஆரிஸாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். இன்னும் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் 2021-ல் அனுராதா சவுத்ரியின் குழு அந்தமான் தீவுகளில் ஒரு உப்புச் சதுப்பு நிலத்திலும் ஒரு கடற்கரையிலும் ஆரிஸைக் கண்டுபிடித்தது. மருத்துவமனைக்கு வெளியே, இயற்கையில் கிடைத்தது அதுதான் முதல் தடவை. சதுப்பு நிலத்தில் கிடைத்த ஒன்று மருந்துக்கு அடங்கியது, சூட்டில் மெதுவாக வளர்ந்தது. ஐசியூவுக்கு வருவதற்கு முந்தைய முகத்தைப் பார்த்த மாதிரி.

இதே குழு 2022-ல் குளிரில் சேமித்து வைத்த ஆப்பிள்களின் தோலிலும் இதைக் கண்டது. தோட்டத்தில் நேரடியாகப் பறித்தவற்றில் இல்லை. பழம் கெடாமல் இருக்கவும் பயிருக்கும் நாம் அடிக்கும் பூஞ்சைக்கொல்லிகளில் அசோல் வகையும் உண்டு. மருந்தை எதிர்க்கப் பழகுவதற்கு மருத்துவமனைக்கு வெளியேயும் பயிற்சிக் களம் இருக்கலாம் என்கிற சந்தேகம் அதனால்தான். ஆப்பிள் சாப்பிடப் பயப்படாதீங்க. நல்லா இருக்கிற உடம்புக்கு இதனால் ஆபத்து ரொம்பவே குறைவு.

அடுத்த அந்நியன்

ஆரிஸுக்கு 2024-ல் கேண்டிடோசைமா ஆரிஸ் என்று புதுப் பெயர் முன்மொழிந்திருக்கிறார்கள். மரபணுப்படி ஆல்பிகன்ஸ் குடும்பத்திலிருந்து அது ரொம்பத் தள்ளி என்பதால். அதனால் ரிப்போர்ட்டில் ரெண்டில் எது வந்தாலும் ஆள் ஒருத்தன்தான்.

இப்போதைய மெஷின்களின் டேட்டாபேஸில் ஆரிஸ் இருக்கிறது. பிரச்சினை, அப்டேட் பண்ணாத மெஷின்களும் "ஆல்பிகன்ஸ் அல்லாதது" என்று எழுதி முடிக்கிற லேபுகளும்தான். அடுத்து வரப்போகிறவனின் பெயர் இன்றைக்கு எந்த டேட்டாபேஸிலும் இருக்காது. அவனைப் பிடிக்கப் போவது, "மெஷின் சொல்லுது, ஆனா எனக்கு டவுட்டா இருக்கு" என்று சொல்கிற ஒரு ஆள்தான்.

உங்க வீட்டில் யாராவது ஐசியூவில் இருந்து "ஈஸ்ட் வளருது" என்ற வார்த்தை காதில் விழுந்தால் மூணு கேள்வி கேளுங்க. எந்த இனம் என்று பார்த்தாச்சா? எந்த மருந்துக்கு அடங்கும் என்ற டெஸ்ட் வந்துடுச்சா? நாங்க உள்ளே போகும்போது கையுறை, கவுன் ஏதாவது வேணுமா? சண்டை போடுகிற தொனியில் வேண்டாம். டாக்டருக்கும் நர்ஸுக்கும் அது உதவிதான். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கையைச் சுத்தம் பண்ணுங்க. அரிப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே ஃப்ளுகோனசோல் வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் விட்டுடுங்க.

பெரியப்பா பிழைச்சு வீட்டுக்கு வந்துட்டார். அடுத்த வருஷம் வேற ஒரு விஷயத்துக்காக அதே மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. ஃபைலில் பழைய குறிப்பைப் பார்த்ததும் நேராகத் தனி அறைக்குக் கொண்டுபோய், ஸ்வாப் எடுத்து, கதவில் அதே சிவப்பு அட்டையை மாட்டினார்கள். "என்னடா, என்னை ஒதுக்கி வெச்சுட்டாங்க" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். நான் உட்கார்ந்து இவ்வளவு நேரம் உங்ககிட்ட சொன்னதை அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். கிருமி இன்னும் தோலில் இருக்கலாம், உங்களை அது ஒண்ணும் பண்ணாது, அந்த அட்டை பக்கத்தில் படுக்கிறவருக்காகன்னு.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: "அப்போ போன தடவை எனக்கு இந்தப் பக்கம் ஒருத்தர் இருந்தாரே, மீசை வெச்சவர். தினமும் என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பேசுவார். அவருக்கு டெஸ்ட்ல என்ன வந்தது?"

எனக்குத் தெரியாது. அதை எங்ககிட்ட யாரும் சொல்லலை, நாங்களும் கேட்கலை.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். கையைக் கழுவிட்டுப் போய்ச் சாப்பிடுங்க.